சாம்பலுக்கு ஏன் காவல்?

கேள்வி: 2025 ஜனவரி காட்டுத்தீக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் எரிந்த பேட்டைகளுக்கு ராணுவம் காவல் நின்றதாமே! வீடு எரிந்தவனிடமும் திருடுவார்கள் என்றால் அது என்ன நாடு? நம் சிங்கப்பூரில் இப்படி நடக்குமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: சாம்பலை அள்ளிப் போக எந்தத் திருடனும் வரமாட்டான். பத்து வீடு எரிந்த தெருவில் நடுவே இரண்டு வீடு அப்படியே நிற்கும். ஆளில்லை, மின்சாரமில்லை, கேமராவும் ஓடாது. ஓடிய அவசரத்தில் விட்டுப்போன நகை அலமாரியிலேயே இருக்கும். வேறென்ன வேண்டும்? தீயணைப்பாளர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தவன்கூடப் பிடிபட்டான்.

அதற்காக மட்டும் ராணுவம் நிற்கவில்லை. அறுந்து தொங்கும் மின்கம்பி, எரிவாயுக் கசிவு, நச்சுச் சாம்பல், இன்னொரு பக்கம் சடலம் தேடும் வேலை. தீயில் எரிந்த பசிபிக் பாலிசேட்ஸ், ஆல்டடீனா பகுதிகளில் சாலை முனையில் ஹம்வீ ராணுவ வண்டியை நிறுத்தி வழியை அடைத்தார்கள். மாத்திரை எடுக்க வேண்டும், பூனையைப் பார்க்க வேண்டும் என்று வந்து நின்றவர்களும் அந்த முனையில்தான் காத்துக் கிடந்தார்கள். வீட்டுக்காரர் யார், திருடன் யார் என்பது முகத்தில் எழுதியா இருக்கிறது?

நின்றவர்களும் முழுநேரப் படைவீரர்கள் இல்லை, பெரும்பாலும் கலிஃபோர்னியா தேசியக் காவல் படையினர். ஆளுநர் கூப்பிட்டால் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுச் சீருடை மாட்டுகிறவர்கள். தேசிய சேவை முடித்தும் ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போய்வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைது செய்வது போலீஸ், ஷெரிஃப் (வட்டாரக் காவல் துறை) வேலை.

நம் ஊருக்கு வருவோம். சாங்கி விமான நிலையத்தில் துப்பாக்கியோடு ராணுவ வீரர்கள் போலீசுடன் ரோந்து போகிறார்கள். நாம் டிராலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்திலேயே போகிறோம். ‘இது என்ன நாடு’ என்று ஒருவரும் கேட்டதில்லை. சில பாதுகாப்புப் பணிகளில் ஆளைச் சோதிக்கவும் தடுத்து வைக்கவும் ராணுவத்துக்கு அதிகாரம் கொடுத்து 2007இல் சட்டமே திருத்தினோம். குற்றம் குறைவு என்றால் குற்றமே இல்லை என்று அர்த்தமல்ல என்பது நம் போலீசின் பழைய வாசகம்தானே. அதனால் ரொம்ப மார்தட்ட வேண்டாம்.

அமெரிக்காவைக் கேட்டே ஆகவேண்டும் என்றால் வேறு கேள்வி இருக்கிறது. ஆல்டடீனா பக்கம் ஈட்டன் தீ பற்றியது ஜனவரி 7 மாலை ஆறு மணிக்கு மேல். அங்குள்ள லேக் அவென்யூ சாலைக்கு மேற்கே இருந்தவர்களுக்கு வெளியேறும் உத்தரவு போனது மறுநாள் விடிகாலை மூன்றைத் தாண்டி. அந்தத் தீயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தவர்கள், பலர் வயதானவர்கள். எல்லாம் முடிந்தபிறகு தெருமுனைக்குத் துப்பாக்கி வந்தது. தீ பற்றிய இரவில் எச்சரிக்கையோடு அவர்கள் கைப்பேசி ஏன் நேரத்தோடு அடிக்கவில்லை?

சரி, உங்கள் புளோக்கில் நள்ளிரவில் புகை கிளம்பினால், எதிர்வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியின் கதவைத் தட்டப்போவது யார்? தெரிந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.