‘நான்’ கரையும் இடம்: ‘த கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவல் குறித்த கேள்வி பதில்

ஓக்லஹோமாவில் நிலத்தை இழந்து கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகும் ஜோட் குடும்பத்தைப் பற்றி ஜான் ஸ்டைன்பெக் 1939இல் வெளியிட்ட நாவலை முன்வைத்து வாசகர்கள் கேட்டவை இவை.

கேள்வி: தன்னலம் பொதுநலமாக மாறும் இடம் எது, ஐயா?

பலரும் 14ஆம் அத்தியாயத்தைக் காட்டுவார்கள். ‘என் நிலம் போயிற்று’ என்பது ‘எங்கள் நிலம் போயிற்று’ என்றாவதை ஆசிரியர் அங்கே நேரடியாகவே சொல்லிவிடுகிறார். ஆனால் அது ஆசிரியரின் குரல். பாத்திரங்கள் அந்த இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. என் கணிப்பில் திருப்பம் 20ஆம் அத்தியாயத்தில், அகதி முகாமில் ஜோட் குடும்பத்து அம்மா அடுப்பில் ஏற்றிய பானையருகே நிகழ்கிறது. முன்பின் அறியாத பிள்ளைகள் சுற்றி நின்று, அவள் கிளறுவதை வாய் பேசாமல் பார்க்கிறார்கள். விரட்டவும் மனம் வரவில்லை, கொடுத்தால் தன் வீட்டாருக்குப் போதாது. கடைசியில் தன் குடும்பத்தாரைத் தட்டுகளோடு கூடாரத்துக்குள் அனுப்பிவிட்டு, பானையின் அடியில் மிஞ்சியதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுகிறாள். அதற்கு நன்றியா கிடைக்கிறது? ஒரு தாய் சண்டைக்கு வருகிறாள். தன் மகன் வீட்டுக்கு வந்து ‘நமக்கு ஏன் அது இல்லை’ என்று கேட்டுவிட்டானாம்.

கேள்வி: அப்படியானால் தொடக்கத்தில் அவர்கள் தன்னலக்காரர்களா?

இல்லை. ஊரை விட்டு நகராத மியூலி, தான் பிடித்த முயல்களை ஆரம்பத்திலேயே பகிர்ந்துகொள்கிறான். வழியில் சந்தித்த வில்சன் தம்பதியரின் கூடாரத்தில்தான் தாத்தாவின் உயிர் பிரிகிறது. ஜோட் குடும்பத்தாரிடம் இருப்பது குடும்பப் பற்று. அதன் வேலி மெல்ல அகல்கிறது என்பதே சரி. பச்சையான தன்னலத்தைப் பார்க்க வேண்டுமானால், நாளொன்றுக்கு 3 டாலர் கூலிக்காக அண்டை வீட்டாரின் நிலத்தையே உழுது தள்ளும் டிராக்டர் ஓட்டியைப் பாருங்கள். அவனுக்கும் பசித்த பிள்ளைகள் உண்டு என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை.

கேள்வி: அரசாங்க முகாம் அத்தியாயங்கள் சற்றே பிரசாரமாகத் தோன்றவில்லையா?

தோன்றுகின்றன. ஆனால் தாங்களே குழு அமைத்து நடத்தும் அந்த முகாமிலும் வேலை கிடைக்காமல்தான் அவர்கள் வெளியேறுகிறார்கள்.

கேள்வி: பீச் தோட்டத்தில் அவர்கள் வேலைநிறுத்தத்தை முறிக்கும் கருங்காலிகளாவது பின்னடைவு அல்லவா?

பின்னடைவுதான்; அதுவே நாவலின் நேர்மை. பெட்டிக்கு 5 சென்ட் என்று நம்பி, வேலைநிறுத்தம் நடப்பது தெரியாமல் உள்ளே போகிறார்கள். அதைப் பாதியாகக் குறைத்ததால் வெளியேறியவர்களோடு நிற்கும் முன்னாள் போதகன் கேசி, உள்ளே இருப்பவர்களிடம் எடுத்துச் சொல்லுமாறு ஜோட் குடும்பத்து மகன் டாமிடம் கேட்கிறான். இன்றிரவு எங்களுக்கு இறைச்சி கிடைத்தது, மற்றவர்களுக்காக அதை அப்பா விட்டுக்கொடுப்பாரா என்ற பொருள்பட டாம் பதில் சொல்கிறான். சற்று நேரத்தில் கேசி அடித்துக் கொல்லப்படுகிறான். பின்னர் டாம் அவன் விட்ட வேலையைத் தொடரக் கிளம்புகிறான் என்றால், அந்தப் பதிலும் அவனை உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் வாசிப்பு.

கேள்வி: பசியால் சாகக் கிடக்கும் அந்நியருக்கு ஜோட் குடும்பத்து மகள் ரோஸ் ஆஃப் ஷாரன் தாய்ப்பால் தரும் முடிவு வலிந்து புகுத்தியது போல் இருக்கிறதே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வயிற்றுப் பிள்ளையைத் தவிர வேறு நினைப்பே இல்லாதிருந்தவள் அவள். அந்தப் பிள்ளை இறந்தே பிறக்கிறது. அதற்குச் சற்று முன்னர், இரு குடும்பங்கள் குடியிருக்கும் சரக்கு ரயில் பெட்டியின் நடுவே தொங்கிய தார்ப்பாயை, மழையில் லாரியின் முகப்பை மூடுவதற்காக டாமின் தம்பி ஆல் அவிழ்த்துவிடுகிறான்; தடுப்பு போனதும் இரு குடும்பங்களும் ஒன்றாகிவிட்டன என்கிறார் ஆசிரியர். முதலில் குடும்பம் என்றிருந்தது, இப்போது யாராக இருந்தாலும் என்றாகிவிட்டது என அம்மாவும் பக்கத்துக் குடும்பத்துப் பெண்ணிடம் சொல்கிறாள். அந்த அந்நியர் கிடக்கும் களஞ்சியத்தில் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது, அம்மா வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. மகளே ‘சரி’ என்கிறாள்.