தண்ணி எங்க போகுதுன்னு மொதல்ல பாருங்க: பழைய பிக்கப் வண்டி கேள்வி பதில்

வெயில் ஏற ஏற வர்ற கேள்வில முக்கால்வாசி ஹீட்டு கேள்விதான். வண்டி வேற வேற, ஆனா கதை ஒண்ணேதான், "தெனமும் தண்ணி ஊத்தி ஓட்டிட்டு இருக்கேண்ணே"ன்னு ஆரம்பிக்கும்.

2012 பொலிரோ பிக்கப். காரவள்ளில இருந்து கொல்லிமலைக்கு சிமென்ட் லோடு. பாதி வளைவு தாண்டறதுக்குள்ள ஹீட்டு மீட்டர் முள்ளு செகப்புக்கு போயிடுது, கீழ ரோட்டுல ஒண்ணும் இல்ல. தண்ணியும் கொறையல. ஹெட்டை (சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி இருக்குறத) இறக்கணும்னு சொல்றாங்க, இறக்கலாமா?

அவசரப்படாதீங்க. தண்ணி கொறையாம லோடுல மட்டும் ஹீட் ஆச்சுன்னா பெரும்பாலும் ஹெட்டு மேல தப்பு இருக்காது, எஞ்சின் குடுக்குற சூட்டை ரேடியேட்டரால வெளிய தள்ள முடியலன்னு அர்த்தம். மொதல்ல ரேடியேட்டர் முன்னாடி டார்ச் அடிச்சு பாருங்க, வைக்கோல் லோடு அடிச்ச வண்டின்னா ஃபின்னுக்குள்ள (மெல்லிசு தகடுங்களுக்கு நடுவுல) தூசியும் சருகும் மெத்தை மாதிரி அடைச்சிருக்கும். எஞ்சின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா தண்ணி அடிச்சு கழுவணும், பிரஷர் அதிகம் வெச்சா ஃபின் மடங்கிடும், அப்புறம் அதுவே அடைப்பு. அடுத்தது விஸ்கஸ் ஃபேன் (சூடு ஏறுனா இறுகிப் பிடிச்சு வேகமா சுத்துற ஃபேன்) இருக்கா பாருங்க. நல்லா சூடான எஞ்சினை ஆஃப் பண்ணி, சாவிய கையில எடுத்துக்கிட்டு ஃபேனை சுத்தி விடுங்க, கனமா நிக்கணும், காத்தாடி மாதிரி சுத்துச்சுன்னா உள்ள இருக்குற சிலிக்கோன் ஆயில் போச்சு. இது ரெண்டும் சரின்னா ரேடியேட்டரைக் கழட்டி உள்ள ராடு விட்டு கிளீன் பண்ண குடுங்க.

இன்னொண்ணு, கோச்சுக்காதீங்க, 70 கொண்டை ஊசி வளைவுலயும் மூணாவது கியர்லயே இழுத்துட்டு போறீங்களோன்னு ஒரு சந்தேகம். ஃபேனும் வாட்டர் பம்ப்பும் எஞ்சின் சுத்துற வேகத்துலதான் ஓடும், எஞ்சின் தெணறிக்கிட்டு மெதுவா சுத்துனா அதுங்களும் மெதுவாத்தான் சுத்தும். ஒரு கியர் கொறைச்சு ஏத்திப் பாருங்க, செலவில்லாத வைத்தியம்.

குட்டி யானை (டாடா ஏஸ்) வெச்சிருக்கேன். தெனமும் ஒரு லிட்டர் தண்ணி குடிக்குது, ஒரு சொட்டு கூட கீழ விழல. தண்ணி எங்கதான் போகுது?

கீழ விழலன்னு எப்படி பாத்தீங்க? ஓட்டம் முடிஞ்சு நின்னப்பறம் பாத்திருப்பீங்க, ஆனா சூடா ஓடுறப்ப கசியுற தண்ணி அங்கயே ஆவியாயிடும், வெள்ளையாவோ பச்சையாவோ காஞ்ச தடம் மட்டும்தான் மிஞ்சும். எஞ்சின் சீட்டுக்கு அடியிலதான், சீட்டைத் தூக்கிட்டு ஹோஸ் கிளிப்பு எல்லாத்தையும் பாருங்க. வாட்டர் பம்ப்புக்கு அடியில சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், அங்க தடம் இருந்தா பம்ப் சீல் போச்சு. சில பேரு அந்த ஓட்டைய எம்-சீல் வெச்சு அடைப்பாங்க, தயவுசெஞ்சு வேணாம், தண்ணி பேரிங்குக்குள்ள போயி பம்ப்பே ஜாம் ஆயிடும்.

அதெல்லாம் சுத்தமா இருந்தாத்தான் ஹெட்டுக்கு அடியில இருக்குற கேஸ்கட் மேல சந்தேகப்படணும். காலைல ஆறுன வண்டில ரேடியேட்டர் மூடிய தெறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு குமிழ் வந்தா பரவால்ல, நிக்காம குமிழ் குமிழா வந்துட்டே இருந்தா சிலிண்டர் காத்து தண்ணிக்குள்ள எறங்குது. மூடிய போட்டு ஸ்டார்ட் பண்ண ரெண்டு நிமிஷத்துலயே, வண்டி சூடாகறதுக்கு முன்னாடியே மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆனாலும் அதே கதைதான். ஆயில் ஸ்டிக்ல பால் டீ கலர் தெரிஞ்சா தண்ணி ஆயில்ல கலந்துடுச்சு, அதுக்கு மேல ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க, பேரிங் போயிடும். ஹெட்டை இறக்கினா வெறும் கேஸ்கட் மாத்தி மூடிடாதீங்க, லேத்ல குடுத்து வளைவு, கிராக் பாத்துட்டுத்தான் ஏத்தணும். இல்லன்னா ரெண்டு மாசத்துல திரும்ப அதே வேலை, அதே கூலி.

தெர்மோஸ்டாட்டை கழட்டி வீசிட்டா வண்டி கூலா ஓடும்ங்கறாங்களே?

நம்ம ஊரு மெக்கானிக்குங்க பாதிப்பேரு செய்யறதுதான், நானும் ஒரு காலத்துல செஞ்சிருக்கேன். தப்பு. அது 82 டிகிரி கிட்ட தெறக்குற வால்வு, எஞ்சின் சீக்கிரம் சூடாகறதுக்காக இருக்கு. அத எடுத்துட்டா எஞ்சின் ஆறிப்போயே ஓடும், டீசல் கூட குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில எஞ்சின்ல அது பைபாஸ் வழியையும் மூடுற மாதிரி இருக்கும், அதுல கழட்டுனா சுடுதண்ணி ரேடியேட்டருக்கு போகாம உள்ளயே சுத்தி ஹீட் இன்னும் ஏறும். சந்தேகமா இருந்தா கொதிக்கிற தண்ணில போட்டு பாருங்க, தெறக்கலன்னா புதுசு வாங்குங்க.

கொடைக்கானல் ஏறுனா மட்டும் ரேடியேட்டர் பொங்குது. ரேடியேட்டர், பம்ப் எல்லாம் புதுசு.

மூடிய மாத்துனீங்களா? யாரும் மாத்த மாட்டாங்க, மூடிதானேன்னு. மூடில இருக்குற ஸ்பிரிங்கு ஒரு பார் பிரஷர் பிடிச்சா தண்ணி 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ரப்பர் காஞ்சு பிரஷர் நிக்கலன்னா கீழ 100லயே கொதிக்கும், 2,100 மீட்டர் உயரத்துல இருக்குற கொடைக்கானல்ல 93 டிகிரி கிட்டயே கொதிக்கும். எஞ்சின் ஓட வேண்டிய சூடே கிட்டத்தட்ட அதுதான், அப்புறம் பொங்காம என்ன பண்ணும். மூடில போட்டிருக்குற பிரஷர் அளவு பாத்து அதே அளவுல வாங்குங்க.

போர்வெல் தண்ணி ஊத்தலாமா? செவப்பு கூலன்ட்டையும் பச்சையையும் கலக்கலாமா?

ரெண்டும் வேணாம். போர் தண்ணி உப்பு உள்ள படிஞ்சுடும், வீட்டுல தண்ணி காய்ச்சுற பாத்திரத்துல வெள்ளையா ஒட்டுது பாருங்க, அதேதான். அவசரத்துக்கு ஊத்துனா பாவமில்ல, வீடு வந்ததும் வடிச்சிடுங்க. கூலன்ட்ட டிஸ்டில்டு வாட்டர்ல பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. வேற வேற வகைய கலந்தா சிலது கூழா திரண்டு அடைச்சுக்கும், கலரை மட்டும் நம்பாதீங்க, டப்பால என்ன வகைன்னு படிங்க.

ஹீட் ஆன வண்டில முள்ளு தானா கீழ எறங்குச்சு, ஆறிடுச்சுன்னு ஓட்டிட்டு வந்தேன். இப்ப எஞ்சின் ஜாம்.

படிச்சதும் மனசு கஷ்டமா போச்சு தம்பி. இதே மாதிரி ஒரு வண்டி என் பட்டறைக்கும் கயித்துல கட்டி இழுத்துட்டு வந்தாங்க. சென்சார் தண்ணிக்குள்ள முங்கி இருந்தாத்தான் சரியா காட்டும், தண்ணி மொத்தமும் வெளிய போனப்பறம் அது வெறும் ஆவில நிக்குது, அதனால முள்ளு எறங்கும். எஞ்சின் ஆறல, வறண்டு போச்சு. செகப்புக்கு போன முள்ளு படக்குன்னு விழுந்தா அந்த எடத்துலயே ஆஃப். அரை மணி நேரத்துக்கு மேல ஆறட்டும், மூடிய கை வெச்சு திருகாதீங்க, மூஞ்சில அடிச்சிரும், கோணிச்சாக்கு போட்டு மெதுவா. காயுற எஞ்சின்ல பச்சத்தண்ணிய கொட்டுனா ஹெட்டு விரிசல் விட்டுடும்.

உங்க வண்டிக்கு இப்ப சிலிண்டர் போர், பிஸ்டன், ஹெட்டு மூணையும் அளந்து பாத்துட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும். அளக்காமலே மொத்த ரேட்டு சொல்ற எடத்துல வண்டிய விடாதீங்க.

ஆயில் மூடிய தெறந்தா குபுகுபுன்னு புகை வருது, ஆயிலும் கொறையுது. இதுவும் ஹீட்டாலயா?

லேசா வந்தா பழைய டீசலுக்கு சகஜம். ரயிலு மாதிரி தள்ளுச்சுன்னா பிஸ்டன் ரிங்கு, சிலிண்டர் லைனர் தேஞ்சு காத்து கீழ எறங்குது, சைலன்ஸர்ல நீலப்புகையும் இருக்கும். பல தடவ ஹீட் ஆன வண்டில ரிங்கு டென்ஷன் போயிடும், அதனால சம்பந்தம் இருக்கலாம். எஞ்சின் வேலைக்கு காசு சேக்க ஆரம்பிங்க, ஆனா அதுக்கு முன்னாடி கம்ப்ரெஷன் செக் பண்ணிடுங்க. எஞ்சின் உள்ள இருக்குற காத்து வெளிய போற பிரீதர் குழாய் அடைச்சிருந்தா கூட இப்படித்தான் தள்ளும், அத ஒரு கம்பி விட்டு குத்துனா சரியாயிடும்.