துண்டு போட்டால் போதுமா? – கடிதம்

அன்புள்ள அண்ணன்,

வடபழஞ்சி ஐடி பூங்காவில் ஸ்டோரேஜ் டீம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கோப்புக்கு டிஸ்கில் முன்கூட்டியே இடம் ஒதுக்கும் பகுதியில் ஒரு பேட்ச், அதாவது நிரலில் செய்யவேண்டிய மாற்றம், வந்தது. நாற்பது வரிதான் இருக்கும். ரிவியூ செய்யச் சொன்னார்கள். வேரியபிள் பெயர், டேப், கமெண்டில் எழுத்துப்பிழை என்று வரிக்கு வரி குறித்து அனுப்பினேன். சீனியர், "நீ பேட்சைப் படிச்சியா, எழுத்தைப் படிச்சியா?" என்று கேட்டுவிட்டார். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி வேலை, இதில் பார்க்க என்ன இருக்கிறது? ரிவியூ பழக நல்ல புத்தகம் சொல்லுங்கள். என் ஆங்கிலமும் சுமார்தான்.

செ., திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

ஆங்கிலத்தை விடுங்கள். "கரண்ட் போனால் என்ன ஆகும்?" என்று கேட்க எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்? டேப் விவகாரத்தை, லினக்ஸின் மையமான கர்னலை எழுதுகிறவர்கள் செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்டிடம் எப்போதோ ஒப்படைத்துவிட்டார்கள். ஸ்கிரிப்ட் செய்கிற வேலைக்கு உங்களுக்கு எதற்குச் சம்பளம்?

அந்தத் துண்டுதான் என்னை எழுத வைத்தது. மாட்டுத்தாவணியில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறீர்கள் என்றால், அந்த சீட்டில் இருந்தவர் மூட்டையோடு இறங்கிவிட்டார் என்று அர்த்தம். டிஸ்கில் மூட்டை இறங்குவதில்லை. பழைய கோப்பை அழித்தாலும் அதன் உள்ளடக்கம் டிஸ்கின் அதே துண்டில், அதாவது பிளாக்கில், கிடக்கும். அது யாருடைய சம்பளப் பட்டியலாகவும் இருக்கலாம். அத்தனையையும் பூஜ்யம் எழுதித் துடைக்க நேரம் பிடிக்கும். அதனால் எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்கள் (டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகள்) ஒதுக்கிய பகுதிக்கு 'இன்னும் எழுதப்படவில்லை' என்று ஒரு குறி போட்டுவைக்கின்றன. குறி இருக்கும்வரை யார் படித்தாலும் பூஜ்யம்தான் வரும். 2007இல் 2.6.23 கர்னலில் வந்த ஃபாலொகேட் என்ற, இடம் ஒதுக்கும் கட்டளை சட்டென்று வேலையை முடிப்பது இந்தக் குறியால்தான்.

இப்போது சொல்லுங்கள், குறியை எப்போது எடுக்க வேண்டும்? தரவு டிஸ்கில் இறங்கிய பிறகு. முதலில் குறியை எடுத்துவிட்டு, தரவு இறங்குவதற்குள் கரண்ட் போனால் அடுத்தவன் சம்பளப் பட்டியல் உங்கள் கோப்புக்குள் வந்து நிற்கும். உங்கள் நாற்பது வரியில் இந்த வரிசை எங்காவது புரள்கிறதா? இதைத்தான் பார்க்கச் சொன்னார்கள். நீங்கள் கமெண்டில் ஒற்று விட்டுப்போனதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்!

2012 மின்வெட்டு உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடை. வெளியூர்க் கம்பெனி ஒன்றின் பில்லிங் சாஃப்ட்வேர். யுபிஎஸ் பேட்டரி செத்திருந்தது. ஆடி மாதக் கூட்டத்துக்கு நடுவே கரண்ட் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் கோப்பின் அளவு கனகச்சிதம். திறந்தால் பாதிக்கு மேல் வெறும் பூஜ்யம். அந்த சாஃப்ட்வேர் பெரிய இடமாக முன்கூட்டியே ஒதுக்கிக்கொண்டு, எழுதியதை டிஸ்கில் இறக்காமலே 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் காட்டியிருக்கிறது. கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பீரோ பெருசாத்தான் இருக்கு தம்பி, சேலையைக் காணோமே" என்றார். கார்பன் வைத்த பில் புத்தகம் ஒன்றை அவர் யாருக்கும் சொல்லாமல் தனியாக எழுதி வந்திருந்தார். நீல எழுத்து மங்கிப்போன அந்தத் தாள்களை அவர் வாசிக்க வாசிக்க, ராத்திரி முழுக்க மெழுகுவர்த்தியும் ஜெனரேட்டருமாகத் திரும்ப ஏற்றினோம். அந்தக் கோடையும் ஆடியும் மதுரையில் கணினி வேலை பார்த்த யாரும் ஒரு பேட்சை வெளிச்சம் இருக்கிற பக்கத்திலிருந்து படிக்கமாட்டார்கள்.

இன்னொன்றும் இதே பேட்சில் பாருங்கள். கோப்பின் அளவை மாற்றாமல் இடம் மட்டும் பிடிக்க ஃபாலொகேட்டோடு சேர்த்துக் கொடுக்கிற கீப் சைஸ் என்ற கொடி (ஃப்ளாக்) உண்டு. அது இருக்கும்போதும் இல்லாதபோதும் அளவு சரியாக வருகிறதா? ஒதுக்கிக்கொண்டே போகையில் நடுவில் டிஸ்க் நிரம்பினால் என்ன பதில் திரும்புகிறது? பேட்ச் எழுதியவரிடமே கேளுங்கள், அவர் கடித்துவிடமாட்டார். பதில் தெரியாமல் 'ரிவியூ செய்தவர்' என்று பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

புத்தகம் கேட்டீர்கள். இப்போதைக்கு எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் சோதனைத் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். பெயர்தான் அப்படி, எக்ஸ்டி4க்கும் ஓடும். கணினிக்குள் ஓடும் போலிக் கணினியான விர்ச்சுவல் மெஷினில் ஓட்டிப் பார்த்து, எந்தச் சோதனை தோற்றது என்று எழுதுங்கள். ஆபீஸ் சர்வரில் கைவைத்துவிட்டு அண்ணன் சொன்னார் என்று சொல்லவேண்டாம்.