மின்சாரக் குட்டி யானை: கிலோமீட்டருக்கு உண்மையில் என்ன செலவு?

கேள்வி: பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம். டீசல் குட்டி யானையை மாற்றி மின்சார வண்டி எடுக்க நினைக்கிறேன். ஷோரூமில் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் செலவு என்கிறார்கள். நம்பலாமா?

அந்த ஒரு ரூபாய் எப்படி வந்தது என்று பாருங்கள். டாடா ஏஸ் ஈவி வண்டியின் பேட்டரி 21.3 யூனிட். சோதனைச் சான்றிதழில் 154 கி.மீ. ஓடும் என்று இருக்கிறது. வகுத்தால் கிலோமீட்டருக்கு 0.14 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று பெருக்கினால் ஒரு ரூபாய் வந்துவிடும். கணக்கு சரி, நம் ரோடும் நம் லோடும் அதில் இல்லை.

தக்காளி கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி) ஒன்று 25 கிலோ என்றால் 24 கிரேட் ஏற்றியதும் 600 கிலோ. அந்த லோடோடு மேடு பள்ளம், சந்தை நெரிசல், ஹைவே எல்லாம் சேர்த்து ஒரு சார்ஜுக்கு 105 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 0.20 யூனிட். ஆனால் மீட்டரில் ஓடுவது அதைவிட அதிகம். சார்ஜர் சூடாவதிலேயே 10 முதல் 15 சதவீதம் போய்விடும். ஆகவே 0.23 யூனிட். கடை இணைப்பில் யூனிட் 10 ரூபாய் என்றால் 2 ரூபாய் 30 காசு. டீசல் 92 ரூபாய், மைலேஜ் 18 என்றால் 5 ரூபாய் 10 காசு. மிச்சம் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 80 காசு.

தினமும் 80 கி.மீ., மாதம் 26 நாள் ஓடினால் மாதம் சுமார் 5,800 ரூபாய் மிச்சம். மின்சார வண்டிக்கு 3 லட்சம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்றால், வட்டியைச் சேர்க்காமலே அதை எடுக்க நாலே கால் வருஷம் ஆகும். தினமும் 40 கி.மீ.தான் ஓட்டம் என்றால் எட்டரை வருஷம். பேட்டரி வாரண்டியே பெரும்பாலும் 7 வருஷம்தான், அந்த ஓட்டத்துக்கு வாங்காதீர்கள். ஹைவே ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பி, வரியோடு யூனிட் 20 ரூபாய் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் தாண்டும். மாத மிச்சம் 1,900 ரூபாய்க்கு இறங்கிவிடும். சொந்த இடத்தில் ராத்திரி சார்ஜ் போட வசதி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; எந்த கம்பெனி வண்டி என்பது அப்புறம்.

சரக்கு வண்டி என்பதால், ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் வரி உள்ள வியாபாரத்துக்கு வாங்கினால், வாங்கும்போது கட்டும் 5 சதவீத ஜிஎஸ்டியை வரவு எடுக்கலாம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் மின்சார வண்டிக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. கொட்டேஷனில் அது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தோட்டத்து மோட்டாருக்கு இலவச மின் இணைப்பு இருக்கிறது. வண்டியை அதில் சார்ஜ் போட்டால் என்ன?

போடவே போடாதீர்கள். பாசனத்துக்குக் கொடுத்த இணைப்பை வேறு காரியத்துக்கு எடுத்தால், மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவின்படி இரண்டு மடங்கு விகிதத்தில் கணக்குப் போட்டு வசூலிக்கலாம். மின்வாகன சார்ஜிங்குக்கு மின்வாரியத்தில் தனி விகிதம் இருக்கிறது. உங்கள் செக்‌ஷன் ஆபீஸில் ஏ.இ.யை (உதவிப் பொறியாளரை) பார்த்து, அதில் இணைப்பு எடுத்தால் டெபாசிட் எவ்வளவு, நிலைக் கட்டணம் எவ்வளவு என்று எழுதி வாங்கிவந்து, மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் தண்ணி கேன் சப்ளை. ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் பாதியில் நின்றிருக்கிறது. சர்வீஸில் வண்டியில் குறை இல்லை என்கிறார்கள்.

பெரும்பாலும் குறை சுவரில்தான் இருக்கும். 15 ஆம்பியர் பாயின்ட்டில் போடும் சார்ஜர் சுமார் 3 கிலோவாட் இழுக்கும், அதுவும் ஏழு மணி நேரம் விடாமல். அயர்ன் பாக்ஸுக்குப் போட்ட ஒயரும் சாக்கெட்டும் அதைத் தாங்காது. பிளக்கைப் பிடுங்கியதும் அதன் உலோகக் கால்களைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம், பிளாஸ்டிக் கருகிய வாடை: இதில் ஒன்று இருந்தாலும் இன்று ராத்திரி அதில் போடாதீர்கள்.

மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), தரமான தொழிற்சாலை வகை சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. இணைப்புக்கு மின்வாரியம் அனுமதித்த கிலோவாட் அளவு பத்தவில்லை என்றால் அதையும் கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது எர்த். கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல் பூமி. நாலடியில் பாறை வந்ததும் கம்பியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்தில் ஒன்றும் தெரியாது. பங்குனி, சித்திரையில் குழி காய்ந்ததும் எர்த் வேலை செய்யாது, சார்ஜர் பிழை காட்டி நின்றுவிடும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். 5 வோல்ட்டைத் தாண்டினால் புது எர்த் குழி வேண்டும். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அதில் ஊற்றுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோவுக்கு மேல். 600 கிலோ ஏற்றும் வண்டியில் 28 கேன்தான் கணக்கு. 40 ஏற்றினால் டயரும் புஷ்ஷும் சீக்கிரம் போகும், வாரண்டி கேட்கப் போகும்போது அதுவே தகராறாகும்.

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு லோடு. போகும்போது சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா?

மேடு ஏறுகிறீர்கள், அதுதான் காரணம். ஓசூர் கிருஷ்ணகிரியைவிடச் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லோடோடு 2 டன் எடையை அவ்வளவு உயரம் தூக்கவே இரண்டரை யூனிட் ஆகும், அதாவது சமதளத்தில் 12 கி.மீ. ஓடும் சார்ஜ். திரும்பும்போது இறக்கத்தில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பி வரும். காலி வண்டி என்றால் குறைவாகத்தான் வரும். போக வர 100 கி.மீ. என்பதால், ஓசூரில் சரக்கு இறக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் சார்ஜ் போட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வேகத்தை மணிக்கு 50 கி.மீ.க்குக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

சேலம் பக்கம் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி நிறைந்திருந்தால் அந்தப் பிடிப்பு கிடைக்காது. தர்மபுரி தாண்டி எங்காவது ஃபுல் சார்ஜ் போட்டுவிட்டு நேரே தொப்பூர் கணவாயில் இறங்காதீர்கள்.

கேள்வி: பென்னாகரத்தில் இருக்கிறோம். ஆயில் மாற்றும் வேலையே இல்லை என்கிறார்களே, அப்படியானால் சர்வீஸ் எதற்கு?

இன்ஜின் ஆயில் இல்லை. கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில், 12 வோல்ட் சின்ன பேட்டரி, டயர், அலைன்மென்ட் எல்லாம் உண்டு. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பல நேரம் அந்தச் சின்ன பேட்டரிதான் படுத்திருக்கும். மோட்டாரே வண்டியைப் பிடிப்பதால் பிரேக்கை அதிகம் மிதிப்பதில்லை, லைனிங் சீக்கிரம் தேயாது; ஆனால் பின் சக்கர பிரேக் டிரம் தூசியில் இறுகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கூலன்ட் உள்ள மாடலில் அளவு குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். தர்மபுரி மாவட்டத் தண்ணீரில் உப்பும் ஃபுளோரைடும் அதிகம். குடத்தில் படியும் அதே வெள்ளைப் படிவு, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலரின் சின்னக் குழாய்களுக்குள்ளும் படியும். கன்ட்ரோலர் சூடேறி, மேட்டில் வண்டி இழுக்காமல் போகும். கம்பெனி சொன்ன கூலன்டை மட்டும் ஊற்றுங்கள், வருஷ சர்வீஸை விடாதீர்கள். பேட்டரி வாரண்டி கேட்கும்போது முதலில் பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.

கேள்வி: மூன்று வருஷம் ஓடிய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

100 சதவீதம் சார்ஜ் ஏற்றி, உங்கள் லோடை ஏற்றி, 20 சதவீதம் வரும் வரை ஓட்டிப் பாருங்கள். ஓடிய கிலோமீட்டரை 0.8-ஆல் வகுத்தால், ஒரு முழு சார்ஜுக்கு ஓடும் தூரம் வரும். சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை எடுத்துத் தரச் சொல்லுங்கள். மீதி வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்பதைப் பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள். வண்டியோடு வந்த சார்ஜிங் கேபிளைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள், தனியாக வாங்கினால் விலை அதிகம்.