கருவாட்டுக்குப் பக்கத்தில் தேயிலை

கேள்வி: தம்பியின் கலியாணத்துக்கு வாங்கியதில் இரண்டு கிலோ தேயிலை மிஞ்சிவிட்டது. ஒரு பக்கெற் பிரித்தது, மற்றது பிரிக்காதது. திகதி முடிந்து மூன்று மாதம். குடிக்கலாமா? குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் கொஞ்சக் காலம் நிற்குமா? இவ்வளவு நாளும் குசினித் தட்டில், மிளகாய்த்தூள், கருவாட்டோடுதான் இருந்தது.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: கடைசி வரியை முதலில் எழுதியிருக்கலாம், தங்கச்சி. திகதியை விடுங்கள், கருவாட்டைப் பார்ப்போம்.

தொழிற்சாலையில் கறுப்புத் தேயிலையை ஈரம் ஏறக்குறைய 3 வீதத்துக்கு இறங்கும்வரை சூட்டில் காயவைக்கிறார்கள். அப்படி வறண்ட இலை பக்கத்தில் உள்ள ஈரத்தையும் வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். சீனாவில் தேயிலையை மல்லிகைப் பூவோடு கலந்து வைத்து மணமேற்றுவது இந்தக் குணத்தை நம்பித்தான். நீங்கள் மல்லிகைக்குப் பதிலாக நெத்தலி வைத்திருக்கிறீர்கள்.

பிரிக்காத பக்கெற்றின் உள்ளே அலுமினியத் தாள் இருந்தால் தப்பியிருக்கும். வெறும் பொலித்தீன் என்றால் வாசம் உள்ளே போகும். பிரித்ததில் ஒரு கிள்ளு எடுத்து உள்ளங்கையில் தேயுங்கள். நொறுநொறுவென்று உடைந்து மணம் எழும்பினால் தாராளமாக ஊத்திக் குடிக்கலாம். பதுபதுவென்றிருந்தால், பூஞ்சணம் கண்டால், எறியுங்கள். மற்றும்படி திகதி தாண்டிய தேயிலை நஞ்சாவதில்லை, சப்பென்று போகும், அவ்வளவுதான். பிரிக்காவிட்டால் இரண்டு வருஷமளவு நிற்கும். பிரித்ததை இறுக்கி மூடினாலும் ஆறு மாதத்துக்குள் முடிப்பது நல்லது. நாங்கள் குடிக்கிற தூள்தேயிலை இலைத்தேயிலையை விடக் கெதியாக மணம் இழக்கும். பொடியில் காற்றுப் படுவது கூட.

குளிர்சாதனப் பெட்டி வேண்டவே வேண்டாம். வன்னி வெக்கையில் குளிர்ந்த ரின்னை வெளியே எடுத்துத் திறந்தால் உள்ளே வியர்த்துவிடும். அங்கேயும் மீன்குழம்புச் சட்டிதானே இருக்கும்?

கழுவி வெயிலில் நன்றாகக் காய்ந்த பால்மா ரின் போதும். அடுப்புக்கு மேலே வைக்காதீர்கள். மாரியில் பெரிய ரின்னைத் தினமும் திறக்காமல், ஒரு கிழமைக்குரியதைச் சின்னப் போத்தலில் எடுத்து, வெளிச்சம் படாமல் அலுமாரிக்குள் வையுங்கள். பலர் செய்கிற இன்னொரு பிழை, கொதிக்கிற கேத்திலுக்கு மேலே பக்கெற்றைச் சரித்துக் கொட்டுவது. ஆவி முழுக்க உள்ளே போகும். காய்ந்த கரண்டியால் அள்ளுங்கள்.

கருவாட்டு வாடை ஏறியிருந்தால் இஞ்சி தட்டிப் போட்டும் பயனில்லை. கத்தரிக்கன்றுக்குப் போடுங்கள்.