பெங்களூரில் வேலைக்குப் போய்க்கொண்டே பறவைகளைப் படமெடுக்க முடியுமா?

கேள்வி: "ஐடி வேலை, கையில் 300 மி.மீ. லென்ஸ். காடு மேடெல்லாம் போக நேரமில்லை. காலையில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் நல்ல பறவைப் படங்கள் எடுக்க முடியுமா?"

தாராளமாக முடியும். கபினி காட்டுக்கு எப்போதாவது ஒருமுறை போய் வருகிறவரைவிட, வீட்டுப் பக்கத்து ஏரிக்கு அடிக்கடி போகிறவருக்குத்தான் நல்ல படம் அமையும் என்பேன். எந்தப் பறவை எந்தக் கொம்பில் வந்து உட்காரும் என்பது அங்கே சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

பச்சைப் பஞ்சுருட்டானையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பறந்ததும் கேமராவோடு பின்னால் ஓட வேண்டாம். கொம்பிலேயே ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள். தேனீயைக் கவ்விக்கொண்டு பெரும்பாலும் அதே கொம்புக்குத்தான் திரும்பும். இடமும் வலமுமாக அடிக்கும், கொடுக்கு போகும்வரை கொம்பில் தேய்க்கும், பிறகு லேசாகத் தூக்கிப்போட்டு விழுங்கும். அந்த அடி தெளிவாகப் பதிய ஷட்டர் வேகம் 1/1000 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்கட்டும். ஏபிஎஸ்-சி எனப்படும், ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள கேமரா என்றால் உங்கள் லென்ஸே ஏறக்குறைய 450 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும். புது லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம்.

ஏரி என்றால் ஜே.பி. நகர் புட்டேனஹள்ளி, சர்ஜாபூர் ரோடு கைகொண்டனஹள்ளி போல நடைபாதை உள்ள ஏரிகள் நல்லது. தினமும் ஆட்கள் நடப்பதைப் பார்த்துப் பழகிய நீலத் தாழைக்கோழியும் நாமக்கோழியும் சட்டென்று மிரளாது. இங்கே சூரியன் வருடம் முழுக்க ஏறக்குறைய 6 மணிக்கும் 6.45க்கும் இடையில்தான் உதிக்கும். கிழக்குக் கரையில் வெயிலை முதுகில் வாங்கி உட்காருங்கள். நிற்பதைவிட உட்கார்ந்து, தண்ணீர் மட்டத்துக்கு லென்ஸை இறக்கினால் முக்குளிப்பானின் கண் நேராகக் கிடைக்கும். கொக்கு, உண்ணி கொக்கு போன்ற வெள்ளைப் பறவைகளுக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறையுங்கள், இல்லையென்றால் இறகின் வரிகள் வெளுத்துவிடும்.

ஏரிக்குப் போக முடியாத நாளுக்கு மொட்டைமாடி இருக்கிறது. அகலமான மண் தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து, பக்கத்துத் தொட்டியில் காய்ந்த குச்சி ஒன்றை நட்டுவிடுங்கள். சின்னான்கள் (புல்புல்கள்) முதலில் குச்சியில் உட்கார்ந்து நோட்டம் பார்த்துவிட்டுத்தான் இறங்கும், படம் அங்கேயே கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் அம்மா காக்கைக்குச் சோறு வைப்பது முன்பக்கச் சுவரில். அதனால் தண்ணீர்த் தட்டைப் பின்பக்கம் வைத்திருக்கிறோம். காக்கை நிற்கும் இடத்தில் சிறு பறவைகள் இறங்கத் தயங்கும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு வரும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பால்கனிச் செடியிலோ ஒயரிலோ தேன்சிட்டு கூடு கட்டினால் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். சிலந்தி நூலால் பட்டைத் துணுக்குகளைக் கோத்த தொங்கு பை அது. வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரம்கூட இருக்கும். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும்தான். ஆனால் நாம் பக்கத்தில் நின்றால் தாய் கூட்டுக்கு வரத் தயங்கும், படத்துக்காக இலையை ஒதுக்கினால் காக்கைக்கு வழிகாட்டியதாகிவிடும். 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது சேர்ந்திருக்கிறது. போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அது அலையும்.

தொடங்க எது நல்ல நேரம் என்றால், ஜனவரியிலிருந்து மார்ச் வரை. முள்ளிலவும் கல்யாண முருங்கையும் இலை உதிர்த்துப் பூக்கும் காலம் அது. மைனா, சூறைக்குருவி, குக்குறுவான் எல்லாம் மறைவில்லாமல் உட்காரும். உங்கள் தெருவில் அப்படி ஒரு மரம் எங்கே நிற்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.