பாப்-அப் தொல்லைக்கு ஐந்து லட்சம் கிடைக்காது. 3,499 ரூபாய் கிடைக்கும்

கேள்வி: திருப்பூரில் சிறிய எம்ப்ராய்டரி யூனிட் நடத்துகிறேன். மகள் கல்லூரியில் சேர்ந்தபோது 54,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். அதில் ஆன்டிவைரஸ் ஒன்றைக் கம்பெனியே போட்டுக் கொடுத்திருந்தது. ஒரு மாதம் ஆனதும் 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது' என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் பாப்-அப் வர ஆரம்பித்தது. பயந்துபோய் 999 ரூபாய் கட்டினேன். இந்த ஆண்டு என்னைக் கேட்காமலேயே கார்டிலிருந்து 3,499 ரூபாய் எடுத்துவிட்டார்கள். கடைக்காரர் எரிந்து விழுகிறார். மகள் பரீட்சை நேரத்தில் அழுகிறாள். லேப்டாப் கம்பெனி, கடை இரண்டின் மீதும் ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: கடைக்காரர் பேசிய பேச்சு, மகளின் அழுகை, பத்து நிமிடத் தொல்லை எல்லாவற்றையும் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வழக்குக்கு வேண்டிய ஒரு வரி அதில் இல்லை. 3,499 ரூபாய் போவதற்கு முந்தைய நாள் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததா?

கார்டில் தானாகப் பணம் எடுக்க, முதல் தடவை ஓடிபி போட்டு நீங்கள் சம்மதம் தந்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். இது ரிசர்வ் வங்கி விதி. வந்த செய்தியைப் பார்க்காமல் விட்டிருந்தால் உங்கள் கை தளர்ந்துவிடும். வரவே இல்லையென்றால் வங்கிக்கு இன்றே எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

பாப்-அப் தொல்லைக்கு சட்டமே இல்லை என்று சொல்லவில்லை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் 13 ஏமாற்று உத்திகள் தடை செய்யப்பட்டுள்ளன. ஓயாமல் நச்சரிப்பது, வெளியேற முடியாத சந்தாவில் மாட்டிவிடுவது இரண்டும் அதில் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் கொடுங்கள், அது வீண் போகாது. ஆனால் அதை வைத்து ஐந்து லட்சம் கேட்டால், மன உளைச்சலுக்கு என்ன ஆதாரம் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். லேப்டாப் பில் யூனிட்டின் ஜிஎஸ்டி எண்ணில் இருந்தால், 'இவர் நுகர்வோரே அல்ல, வியாபாரத்துக்கு வாங்கியவர்' என்று எதிர்த்தரப்பு இன்னொரு வருடம் இழுக்கும். சுயதொழில் செய்பவருக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் நீங்கள் வாங்கியது மகளுக்காக. பில் வேறு கதை சொல்லக் கூடாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அந்த அறிவிப்பின் மேல் எந்தப் பெயர் இருக்கிறது? பல வீடுகளில் 'வைரஸ்' என்று அலறுவது ஆன்டிவைரஸே அல்ல. படம் பார்க்கப் போன ஏதோ ஒரு தளத்துக்கு 'அலோ' (Allow, அனுமதி) கொடுத்திருப்பார்கள்; அது பிரவுசர் வழியாக விளம்பரம் அனுப்பிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் லேப்டாப் கம்பெனி மீது வழக்கே கிடையாது.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை வேறு. பணத்தைத் திரும்பக் கேட்க நீங்கள் எந்த எண்ணுக்குப் போன் செய்யப் போகிறீர்கள்?

என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குப் போனது 2,999 ரூபாய். இணையத்தில் 'கஸ்டமர் கேர்' என்று தேடி, முதலில் கண்ணில் பட்ட எண்ணை அழைத்தார். எடுத்தவன் தமிழில் மரியாதையாகப் பேசினான். 'ரீஃபண்ட் ஃபாரம் நிரப்ப வேண்டும் சார்' என்று திரையைப் பகிரும் ஆப்பைப் போட வைத்தான், ஓடிபி கேட்டான். 1,86,000 ரூபாய் போனது. வெட்கத்தில் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு வங்கி சொன்ன பதில், 'ஓடிபி கொடுத்தது நீங்கள்தானே.' ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆகும் இழப்பு முழுவதும் வாடிக்கையாளர் தலையில்தான். தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. அந்த இரண்டு நாளை என்னால் எந்த வாதத்தாலும் திருப்ப முடியவில்லை. 'சந்தா புதுப்பிக்கப்பட்டது, ரத்து செய்ய இந்த எண்ணை அழையுங்கள்' என்று வரும் மின்னஞ்சலும் இதே வலைதான். அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் உங்கள் கணக்குக்குள் நுழைந்து மட்டுமே பேசுங்கள். ஏற்கெனவே யாரிடமாவது மாட்டியிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் உடனே அழையுங்கள்.

அடுத்து, ஆத்திரத்தில் மென்பொருளை அழித்துவிடாதீர்கள். அழித்தால் சந்தா நிற்காது. அடுத்த வருடமும் பணம் போகும். ஆதாரமும் போய்விடும். முதலில் பாப்-அப், பில், வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் தேதி தெரியப் படமெடுங்கள். பிறகு கணக்கில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள், வங்கி ஆப்பிலும் தானாகப் பணம் எடுக்கத் தந்த அனுமதியை (மேண்டேட்) ரத்து செய்யுங்கள். அதன்பின் அன்இன்ஸ்டால் செய்யலாம். விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் பாதுகாப்பை எடுத்துக்கொள்ளும். வாரன்டி போய்விடும் என்று கடைக்காரர் சொன்னால், வாரன்டி அட்டையில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

பணத்தை எடுத்த ஆன்டிவைரஸ் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு ஒரு பக்கத்தில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: எடுத்த தேதி, தொகை, சம்மதம் தரவில்லை என்பது, திருப்பித் தர வேண்டும் என்பது. மகளின் பரீட்சை, கடைக்காரர் பேச்சு எதுவும் அதில் வேண்டாம். இணையத்தில் விற்கும் நிறுவனம் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ன் மின்வணிக விதி. தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனு போடலாம். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும்.

ஆனால் 3,499 ரூபாயைத் தருகிறோம் என்று பதில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டு மூன்று வருடம் ஆணையத்துக்கு நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தா ரத்தானது, கார்டு விவரம் நீக்கப்பட்டது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிய பிறகே சம்மதம் சொல்லுங்கள்.